நேர்காணல் தண்ணீர்

வெயிலில் வந்தவர்களுக்கு முதலில் ஒரு குவளை தண்ணீர் கொடுக்க வேண்டும் என்றுதான் என்னை வளர்த்தார்கள், இன்ஸ்பெக்டர். ஜார்ஜ் டவுனில் எங்கள் விவசாய ஆலோசனை நிறுவனத்துக்கு நேர்காணலுக்கு வந்த யாரும் தொண்டை காய்ந்து திரும்பியதில்லை. இணையத்தில் அவர்களே எழுதியிருக்கிறார்கள், படித்துப் பாருங்கள். "அருந்ததி மேடம் தன் கையாலேயே ஐஸ் போட்டுத் தண்ணீர் கொடுத்தார், இரண்டு நாள் கழித்து ஃபோன் செய்து உடம்பு எப்படி என்று விசாரித்தார், ஐந்து நட்சத்திரம்." வேலை கிடைக்காதவர்கள் என்னைப் பற்றி எழுதியது இது.

எல்லாரும் விவசாயப் பட்டதாரிகள். மண், நீர், உரம் என்று எதைக் கேட்டாலும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். கையில் இருக்கிற தண்ணீர் எங்கே பிடித்தது என்று மட்டும் ஒருவர்கூடக் கேட்டதில்லை. "ஆயர் கோசோங் போதும் மேடம்" என்று வெறும் தண்ணீரை மலாயில் கேட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கி, மடக் மடக்கென்று குடிப்பார்கள். எதிரிலேயே நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்கில் குடித்துக்கொண்டிருப்பேன். அதையும் எவரும் கவனிக்கவில்லை. நீங்கள் வைத்த இந்தக் குவளையையும் நான் தொடவில்லை, தப்பாக நினைக்காதீர்கள்.

தண்ணீர் எங்கள் வாடிக்கையாளர்களின் கிணறுகளில் பிடித்தது. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் வாரக்கணக்கில் இழுப்பார்கள். முடிவு மோசமாக வந்தால் அது எழுத்தில் நின்றுவிடும், தோட்ட முதலாளி என்மேல்தான் பாய்வார். இளவட்டம் ஒருவன் குடித்துவிட்டு இரண்டு நாள் நன்றாக நடமாடினால் அதைவிட நல்ல சோதனை என்ன இருக்கிறது? ஃபோன் செய்வேன். நன்றாக இருக்கிறேன் என்பார்கள். குடிக்க உகந்தது என்று கையெழுத்துப் போடுவேன். ஆள் தேவைப்படாத மாதங்களிலும் நேர்காணல் வைத்தது அதற்காகத்தான்.

யுகேந்திரன் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வந்தவன். இரவல் சட்டை போலிருக்கிறது, தோளில் தொங்கியது. அன்றைக்குப் பாலிக் புலாவ் காய்கறித் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர். கிணற்றை ஒட்டியே பூச்சிமருந்து கலக்கும் தொட்டி இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தானே சோதிக்க நினைத்தேன். பதற்றத்தில் அவன் இரண்டு குவளை குடித்தான். இன்னொன்று கேட்டான், கொடுத்தேன்.

வழக்கம்போல இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டேன்.

"உடம்பு எப்படிப்பா இருக்கு?"

"சூப்பரா இருக்கேன் மேடம். நாளைக்கே வேலைக்கு வரச் சொன்னாலும் வந்துருவேன்."

குரல் கம்மியிருந்தது. பக்கத்தில் யாரோ மலாயில் நர்ஸைக் கூப்பிட்டார்கள்.

"எங்கப்பா இருக்கே?"

"பசார்ல மேடம்."

படித்த பிள்ளையின் வார்த்தையைச் சந்தேகிப்பது எனக்குப் பழக்கமில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

அந்தக் கிணற்றிலிருந்து தொழிலாளர் குடியிருப்புக்குக் குழாய் இழுத்தார்கள். சலேஹா என்ற தொழிலாளி அந்தத் தண்ணீரில்தான் தன் கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைத்திருக்கிறாள். செத்துப்போன குழந்தையின் பெயர் பத்திரிகையில் வந்தது. எனக்கு மறந்துவிட்டது.

இப்போது யுகேந்திரன் இங்கே வந்து அழுதானாம், நீங்கள்தான் சொன்னீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாந்தி எடுத்துக்கொண்டே என்னிடம் பேசினானாம். நோயாளி என்று தெரிந்தால் வேலை கிடைக்காது என்று மறைத்துவிட்டானாம்.

எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் கொடுத்தது நான். கையெழுத்துப் போட்டது நான். அவனுக்கு முன்னால் எத்தனை பேருக்குக் கொடுத்தேன் என்று நினைவில்லை. எதையும் மறைக்கிற ஆள் நான் இல்லை. ஆனால் அவன் அன்றைக்கு வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லியிருந்தால் அந்தக் குழந்தை இன்று தவழ்ந்துகொண்டிருக்கும். அதை நீங்கள் யாரும் அவனிடம் கேட்க மாட்டேன் என்கிறீர்கள்.

நேர்காணலில் நான் முதலில் பார்ப்பது நேர்மையைத்தான், இன்ஸ்பெக்டர். அவனிடம் அது இல்லை என்று அன்றைக்கே எனக்குப் பட்டது. அதனால்தான் அவனை எடுக்கவில்லை.