டாக்டர் வீட்டு விருந்தில் மொறுமொறு ரொட்டி

— அண்ணி, தட்டு காலி! சத்தியமா காலி! கூடத்துக்குள்ள கால் வச்சதும் மொய்ச்சுட்டாங்க.

— கத்தாதடி வாலு, அவங்க காதுல விழப்போகுது. எந்தத் தட்டு, தக்காளியா, காளானா?

— ரெண்டுமேதான். அடுத்ததைக் கொடுங்க, சீக்கிரம்!

— பொறு, பொறு. ரொட்டி இப்பத்தான் அடுப்பை விட்டு இறங்குது. சூட்டோட பூண்டைத் தேய்க்கணும், எண்ணெய் ஒரு சொட்டு விடணும், நீ தட்டைத் தூக்குற நேரத்துலதான் மேல தக்காளி ஏறணும். முன்னாடியே வச்சா ஊறிப்போய் சொதசொதன்னு ஆயிடும்.

— காலையிலேர்ந்து இதே பாட்டு! சத்தியமா, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

— பாடத்தான் செய்வேன். பாங்க் வேலையை உதறிட்டு இதுல இறங்கியிருக்கேன். உங்க அண்ணன் வேற, 'சுட்ட ரொட்டிய விருந்துல எவன் தொடுவான்'னு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்காரு. முதல் விருந்துடி இது. டாக்டர் வீட்டுல பேர் கெட்டுச்சுன்னா கதை முடிஞ்சுது. திரும்ப அந்த மேனேஜர் முன்னாடி போய்க் கெஞ்சணும்.

— யாரும் கெஞ்ச வேண்டாம். கடிக்கிறப்ப வர்ற சத்தத்தை நீங்க கேக்கணும் அண்ணி. மொறுக், மொறுக்னு கூடமே அதிருது!

— நிஜமாவா? ஐயோ, சந்தோஷத்துல கையே ஓடலடி எனக்கு. இந்தா, பிடி. பறந்து போ!

— அண்ணி... அண்ணி!

— அதுக்குள்ள வந்துட்டியா? என்னடி, முகம் இப்படி வெளுத்துப்போச்சு? தட்டு எங்க?

— டாக்டர் என் கையிலேர்ந்து பிடுங்கிட்டாரு. அவரே எல்லாருக்கும் நீட்டிக்கிட்டு இருக்காரு.

— நல்லதுதானே!

— கேளுங்களேன். நீல சட்டை போட்ட பெரியவர் ஒருத்தர் ஒரே கடிதான் கடிச்சாரு. வாயைப் பொத்திக்கிட்டு பாத்ரூம் பக்கம் ஓடிட்டாரு.

— மிளகு தூக்கலா போயிருக்கும்.

— மிளகும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவர் சம்சாரத்தைக் கேட்டேன். 'போன வாரம்தாம்மா பல்லு கட்டினாரு'ன்னாங்க. பக்கத்துல இருந்தவங்களும் 'எனக்கும் இந்த டாக்டர்தான்'னாங்க. அண்ணி, இவரு பல் டாக்டர்! கூடத்துல நிக்கிற அத்தனை பேரும் இவர்கிட்ட பல்லு கட்டிக்கிட்டவங்க!

— அடிப்பாவி! இதை இப்ப வந்து சொல்றியே!

— போன்ல ஆர்டர் எடுத்தது யாரு?

— எத்தனை பேர்னு கேட்டேன். சைவமா, அசைவமான்னு கேட்டேன். என்ன டாக்டர், யாரெல்லாம் வர்றாங்கன்னு கேக்கத் தோணலையேடி எனக்கு! மொறுமொறுப்பு, மொறுமொறுப்புன்னே அலைஞ்சேனே...

— இப்ப என்ன பண்றது?

— மிச்ச ரொட்டி மேல தக்காளிச் சாறை ஊத்து. நல்லா ஊத்து. ஈரத்துணி போட்டு மூடு, ஊறட்டும்.

— நீங்களா இதைச் சொல்றீங்க?

— நானேதான்! ஒரே ஒருத்தர் பல்லு ஆடிச்சுன்னாலும் என் பொழப்பு போச்சு. சீக்கிரம்டி!

— அண்ணி, கூடத்துல என்னமோ பெரிய கூச்சல். டாக்டர் இங்கதான் வர்றாரு!

— யாரும்மா இந்த ரொட்டியைச் செஞ்சது?

— நான்தான் டாக்டர். மன்னிச்சுக்குங்க, தெரியாமச் செஞ்சுட்டேன். அந்த நீல சட்டைக்காரருக்கு ஒண்ணும் ஆகலையே?

— அவருக்கு என்ன? பல்லு இருக்கா, போச்சான்னு கண்ணாடியில பாக்க ஓடினாரு. வச்ச இடத்துல அப்படியே இருக்குன்னு குதிச்சுக்கிட்டு வந்து இன்னும் ரெண்டை எடுத்துக்கிட்டாரு! பயந்து பயந்து சூப்பையே குடிச்சுக்கிட்டு இருந்த மனுஷன்மா அது.

— டாக்டர்... அப்போ அந்தக் கூச்சல்?

— எல்லாரும் அவரைப் பாத்துட்டு நான் முந்தி, நீ முந்தின்னு கடிக்கப் போட்டி போடுறாங்க. என் வேலை எவ்வளவு உறுதின்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியுது! ஐயையோ, அந்த ரொட்டிக்கு ஏம்மா ஈரத்துணி? எடுங்க, எடுங்க! நாளையிலேர்ந்து என் கிளினிக்குல பல்லு கட்டிக்கிறவங்க ஒவ்வொருத்தரும் உங்க ரொட்டி ஒண்ணைக் கடிச்சுக் காட்டிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்.