கட்டிங் மாஸ்டர் சட்டையில் ஒட்டிய பவுடர்

அவிநாசிபாளையத்தில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இருவர் கழுத்திலும் பனியன் கம்பெனி அட்டை. இளையவள் சொன்னது பஸ் இரைச்சலையும் மீறிக் கேட்டது.

“கட்டிங் பண்ணுனவனைத்தானுங்க்கா மொதல்ல புடிச்சாங்க.”

“துணி வெட்டற கட்டிங் மாஸ்டரையா? அவரு என்ன கண்ணு பண்ணுனாரு?”

“நேத்து செல்லுல பாத்த தொடருங்க்கா. போதைப் பவுடர் கடத்துற கும்பலைப் போலீஸ் தேடிப் புடிச்ச நெசக் கதை. பவுடர்ல மாவைக் கலக்கறதுக்குத்தான் அவனுக கட்டிங்னு சொல்றானுக.”

“மேசை இருந்துச்சா?”

“நீளமா இருந்துச்சுங்க்கா. துணிதான் இல்லை.”

“வெள்ளைப் பவுடர்னா துணிக்குக் குறி போடறதா இருக்கும் கண்ணு. எங்கூட்டுக்காரரும் கட்டிங் மாஸ்டர்தான, சட்டையெல்லாம் ஒட்டிட்டு வரும்.”

“அவன் சட்டையிலயும் ஒட்டியிருந்துச்சுங்க்கா. மாவு மில்லுல வேலைன்னே பொண்டாட்டி நம்பிட்டிருந்தா.”

மூத்தவள் இளையவள் பக்கம் சாய்ந்தாள்.

“இவரு போன வாரந்தான் கண்ணு புதுக் கம்பெனியில சேர்ந்தாரு. கேட்டுக்குள்ள ஒருத்தரையும் விடமாட்டாங்களாமா.”

பிறகு கைப்பேசியில் புருஷனை அழைத்து, வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள்.

“ஏனுங்க மாமா, உங்க கம்பெனியில துணி இருக்குதுங்களா? இல்லீங்க, கோவிச்சுக்காதீங்க. நீங்க கண்ணால பாத்தீங்களா?”