பச்சை வட்டம்

— கூடைல போடாதிய மச்சான்! அந்தப் பிஸ்கட்டக் கீழ வைங்க.

— ஏன் பேகம்? பச்ச வட்டம் இருக்கே. இந்தா, மூலைல. கேமராவக் கிட்டக் கொண்டாரேன், பாரு.

— பாத்தேன், பாத்தேன். வேண்டாம்.

— நீதான சொன்ன? ‘அந்த ஜெர்மன் எழுத்து நமக்குத் தெரியாது. பச்ச வட்டம் போட்டிருந்தா சுத்த வெஜ், பிஸ்மி சொல்லித் தின்னுங்க’ன்னு. நாலு மாசமா இந்தக் கடைல அப்படித்தான பாத்துக் கூடைல போடுதேன்?

— பேகம், சொல்லிரு. எத்தன நேரம் முழுங்குவ?

— பக்கத்துல யாரு, பானு அக்காவா?

— நாந்தான், ரவூப் தம்பி. தாராவில இன்னைக்கு ஒரே மழை. ஒங்க வீட்டுக்குள்ள அதவிடப் பெரிய மழை. மத்தியானத்துல இருந்து ஒங்க பொண்டாட்டி ஒரே ரோனா-தோனா.

— அழுதாளா? எதுக்கு?

— அக்கா, நீங்களே சொல்லுங்க. எனக்கு வாய் வர மாட்டேங்குது.

— வேற ஒண்ணுமில்ல தம்பி. எம் மவ வந்தனா ஆபீஸ்ல ஒரு சாரு நீங்க இருக்க ஜெர்மனிக்குப் போயிட்டு வந்தாரு. எல்லாருக்கும் ஜெல்லி மிட்டாய். அவ ஒரு பாக்கெட்ட இங்க கொண்டாந்தா. பேகம் பாத்தா, பச்ச வட்டம். ‘எங்க மச்சான் திங்க மிட்டாய்’னு ஒரே குஷி. வந்தனா சும்மா இருப்பாளா? அதுல உள்ள எழுத்தப் போன்ல காட்டித் தமிழ்ல கேட்டா. பன்னித் தோல்ல எடுத்த ஜெலட்டினாம்.

— பச்ச வட்டத்தப் போட்டுக்கிட்டா?

— அது வெஜ்ஜுக்கு உள்ளதே இல்லயாம் தம்பி. குப்பைக்குப் போற காலிக் கவருக்காகப் போடுத அடையாளமாம். நம்மூரு பாக்கெட்டுல பச்சப் புள்ளியப் பாத்துப் பாத்துப் பழகின கண்ணு. என்ன செய்ய?

— மச்சான்... ஜெல்லி, கேக்கு, மஞ்ச டப்பால தயிரு. எல்லாம் நாந்தான எடுக்கச் சொன்னேன்? என் வாயாலயே சொல்லி ஒங்களுக்கு ஹராமான பண்டத்த ஊட்டிட்டேன். அல்லா என்னத்தான கேப்பான்?

— டென்ஷன் எடுக்காத புள்ள. தெரியாமச் செஞ்சதுக்கு அல்லா கேக்க மாட்டான்.

— நீங்க ஈசியாச் சொல்லுதிய.

— அது கெடக்கு. தம்பி, நான் ஒண்ணு கேக்கேன். பச்ச வட்டம் இருக்கா இல்லயான்னு பாக்க ஒங்களுக்குக் கண்ணு இல்லயா? தினம் சாயங்காலம் அரை மணி நேரம் ஒவ்வொரு பாக்கெட்டா இவளுக்குக் காட்டணுமா?

— அவுக இங்க இருந்தப்பவும் அப்படித்தான் அக்கா. தொண்ணூறடி ரோட்டுல கறிக்கடைல நின்னுக்கிட்டுப் போன் அடிப்பாக. ‘நெஞ்செலும்பு போடவா, தொடை போடவா?’ன்னு. கடைக்காரர் ஜெயினுலாப்தீன் காக்கா கத்தியக் கைல வச்சிக்கிட்டுச் சிரிப்பாரு.

— அப்பாடா, நீயும் சிரிச்சிட்ட. கண்ணத் தொடச்சிக்கோ.

— நான் ஒண்ணும் சிரிக்கல. நேத்து எடுத்தியளே செவப்பு டப்பா கேக்கு, மிச்சம் இருந்தா ரூமுக்குப் போனதும் குப்பைல போடுங்க.

— போட ஒண்ணும் இல்ல பேகம்.

— தின்னு தீத்துட்டியளா? யா அல்லா!

— திங்கல. வாங்கவே இல்ல.

— பொய் சொல்லாதிய. கூடைல போட்டிய, நான் கண்ணால பாத்தேன்.

— போட்டேன். நீ போனை வச்சதும் எல்லாத்தையும் எடுத்த எடத்துலயே திருப்பி வச்சிட்டேன். தினமும் அதான் செய்யுதேன். அந்த வட்டம் எதுக்குன்னு, வந்த ரெண்டாம் நாளே கூட வேலை பாக்கவன் சொல்லிட்டான்.

— அப்ப நாலு மாசமா என்னத்தச் சாப்பிட்டிய?

— எதுத்தாப்ல ஒரு துருக்கிக்காரன் கடை இருக்கு. கறி, ரொட்டி, மிட்டாய், எல்லாம் அங்கதான். பிந்தாஸா, பயமில்லாமச் சாப்பிடுதேன்.

— அரே பாப்ரே! அப்ப அந்தக் கடைல நின்னே போன் அடிக்க வேண்டியதுதான தம்பி? எதுக்கு ஜெர்மன்காரன் கடைக்குப் போயி இந்த நாடகம்?

— அங்க எல்லாமே ஹலால் அக்கா. பேகத்துட்டக் கேக்கதுக்கு ஒண்ணுமே இல்லயே.