கொண்டல் வீரனின் ஐந்தாவது படம்

— மொத படம் பாத்துட்டு, மண்டபத்து சினிமாக் கொட்டகையிலருந்து இதே மணல்ல நடந்து வந்தப்ப என்ன சொன்னீங்க, செபஸ்தியான் மாமா?

— என்னலே சொன்னேன்?

— “அடுத்த படத்துல கொண்டல் வீரன் இளவரசியைக் கட்டிருவான் பாரு, சிலுவைமுத்து”ன்னீங்க. “கட்டிட்டா உங்க மனசு குளுந்துருமா மாமா?”ன்னு கேட்டேன்.

— “அன்னைக்கி நீ என்ன கேட்டாலும் குடுப்பேன்”னேன். இது அஞ்சாவது படம்லே! கட்டுனானா?

— கட்டல மாமா.

— வெள்ளைக் குதிரை எங்கலே போச்சு? இப்ப கழுதை கணக்கா ஒண்ணு! அவனுக்குத் தொப்பை வேற. கோட்டைச் சுவத்துல ஏறயில, கீழருந்து ரெண்டு பேரு முட்டுக் குடுக்குறது பச்சையாத் தெரியுது!

— இளவரசியும் வேற ஆளுய்யா.

— பாத்தியாலே! பொம்பளைக பக்கம் இருந்த எம்மக ஜோதிமேரிக்கே தெரிஞ்சிருக்கு!

— எனக்கு அவதான்யா பாவம். அஞ்சு படமா மாடத்துலயே நிக்கிறா. வேற நாட்டுக்காரனுக்கு நிச்சயமும் ஆயிருச்சு. இந்த ஆளு இன்னும் தூணுக்குப் பின்னால நின்னு பாடிக்கிட்டிருக்காரு.

— பாட்டு நல்லாத்தானே இருந்துச்சு, மேரி?

— பாட்டு வந்து தாலி கட்டுமா?

— மாமா… மேரிக்குப் பாத்த அந்தத் தங்கச்சிமடத்து மாப்பிள்ளை…

— அதான் பேசி முடிச்சாச்சே. ஞாயித்துக்கிழமை பூசையில சாமியாரு ரெண்டு பேரு பேரையும் சொல்லி மொத கல்யாண ஓலை வாசிக்கிறாரு. அதை விடு, படத்துக்கு வா. கடைசியில என்னலே பண்ணுனான்?

— இமயமலைக்குப் போயிட்டான் மாமா.

— போயிட்டான்! “மீண்டும் வருவான்”னு எழுத்து வேற! வந்த ஆத்திரத்துல மணலை அள்ளித் திரையில எறிஞ்சேன்.

— என் தலையிலயும் விழுந்துச்சுய்யா.

— பொண்ணைப் பெத்த ராசா எதுத்தாப்லயே உக்காந்திருக்காரு. “உங்க பொண்ணைக் குடுங்க”ன்னு ஒரு வார்த்தை! கேட்டா வெட்டியா போடுவாரு?

— வெட்ட மாட்டாரா மாமா?

— பொண்ணு கேட்டவனை எவன்லே வெட்டுவான்? ஏன்லே உனக்கு வேர்க்குது? நடுக்கடல்ல பாய் கிழிஞ்சப்பகூட நம்ம வள்ளத்துல சிரிச்சுக்கிட்டுத்தானே இருந்த?

— அய்யா, வீடு வந்துருச்சு. இவரு வழி அங்கன பிரியுது. போகச் சொல்லுங்க. ஆறாவது படம் வாரப்ப நான் தங்கச்சிமடத்துல இருப்பேன்.

— மாமா… வீரன் இளவரசியைக் கட்டாட்டாலும், நீங்க குடுப்பேன்னதை நான் கேக்கலாமா?

— என்னத்தைலே? கேட்டுத் தொலை!

— ஞாயித்துக்கிழமை ஓலையில, மேரி பேரோட என் பேரை வாசிக்கச் சொல்லுங்க மாமா.