அப்பா பாஸ் பண்ணிட்டாங்க

...நான் மேடை ஏறும்போதே நம்ம செயலாளர் காதைக் கடிச்சாரு. "ஐயா, இது தமிழ் மன்றம். இங்கிலீஷ் கலக்காம பேசிடுங்க." சரிங்க ஐயா. ஆனா ஒரே ஒரு வார்த்தைக்கு மட்டும் இன்னைக்கு எனக்கு விலக்கு குடுங்க. 'பாஸ்'. அதைத் தமிழ்ல சொன்னா என் கதை படுத்துக்கும். கதை சின்னதுதான், பயப்படாதீங்க, சாப்பாடு ஆறுறதுக்குள்ள முடிச்சிடறேன்.

பாஸ்னா என்னங்க? ... முன்வரிசைத் தம்பி பரீட்சைங்கிறாரு. பக்கத்துல அந்த அம்மா "பஸ் பாஸ்"ங்கிறாங்க. பின்னாடி யாரு... "டைம் பாஸ்"ஸா? என் பேச்சைச் சொல்லலையே ஐயா? ... சரி, சரி. கோயில்ல கூட்டத்தைத் தாண்டிப் போக ஒரு பாஸ். நம்ம மன்றத்துல எல்லாரும் கை தூக்கினா தீர்மானம் பாஸ். அந்த ஒத்த வார்த்தைய வச்சு ஊரையே ஓட்டிக்கிட்டு இருக்கோம்.

இப்போ கேளுங்க. சங்கரன்கோவில் பக்கம் சங்கரபாண்டியன்னு ஒரு அப்பா. மகன் இசக்கிமுத்து மஸ்கட்ல வேலை. மக கோமதி. கோமதி கல்யாணத்துக்கு அண்ணனுக்கு லீவு கிடைக்கலை. அடிச்சுப் பிடிச்சு வந்து சேர்றான்... தாலி கட்டி முடிஞ்சாச்சு. பெட்டியும் கையுமா மண்டபத்துக்குள்ள நுழையறான். அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? சொந்தபந்தம் அத்தனையும் பார்த்துக்கிட்டு இருக்கு.

"ஏப்பா... விருந்தாளி வந்திருக்காரு. ஒரு இலை போடுங்க!"

நாலு அறை விட்டிருந்தாக்கூட வாங்கிக்கிட்டு இருந்திருப்பான். இது அவனால தாங்க முடியலை. போட்ட இலையில உட்காரவே இல்ல. வந்த பெட்டியோட திரும்பிட்டான். அன்னைக்கோட ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னுபோச்சு. அவன் பேசட்டும்னு அவரு... அவரு பேசட்டும்னு இவன். நடுவுல கோமதிதான் பாவம். "அண்ணே, அப்பா உங்களைக் கேட்டாங்க"ன்னு அங்க ஒரு பொய். "அப்பா, அண்ணன் உங்களை விசாரிச்சாங்க"ன்னு இங்க ஒரு பொய். நம்ம வீடுகள்ல எத்தனை தங்கச்சிமாருங்க இந்த வேலையப் பார்க்கிறாங்க!

அப்படியிருக்கையில அப்பாவுக்கு வயித்துல ஆபரேஷன். ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. ஆனா மனுஷருக்குச் சிறுநீர் பிரியலை. டாக்டர் வந்து பார்த்தாரு. "யூரின் பாஸ் பண்ணணும்மா. பாஸ் பண்ணாதான் கிட்னி வேலை செய்யுதுன்னு அர்த்தம். இல்லைன்னா... நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

ஐயையோ! அப்புறம் அந்த வார்டுல வேற பேச்சே இல்லைங்க. நர்ஸ் வந்தா, "பாஸ் பண்ணாரா?" ஹார்லிக்ஸ் பாட்டிலோட வர்ற சொந்தக்காரங்க, "பாஸ் பண்ணிட்டாரா?" பக்கத்துக் கட்டில்காரரு, "இன்னும் பாஸ் பண்ணலையா?" கோமதி அண்ணனுக்குப் போன் போட்டா. "அண்ணே, அப்பாவுக்கு ஆபரேஷன். ரொம்ப சீரியஸா இருக்காங்க." அதுக்கு மேல பேச முடியாம அழுதுட்டு வச்சுட்டா. கோமதியம்மனுக்கு மாவிளக்கு வேண்டிக்கிட்டா.

மறுநாள் காலையில... அம்மன் கண்ணைத் திறந்துட்டா!

கோமதி வராந்தாவுக்கு ஓடியாந்தா. சந்தோஷம் தாங்கலை, ஒரே அழுகை. அண்ணனுக்குப் போன். எதைப் பாஸ் பண்ணாருன்னு சொல்லணுமா இல்லையா? ஆனா தங்கச்சி இல்லையா... அண்ணன்கிட்ட எப்படி அந்த வார்த்தையச் சொல்லுவா? கூச்சம். அதை மட்டும் விழுங்கிட்டா.

"அண்ணே... அப்பா பாஸ் பண்ணிட்டாங்க அண்ணே!"

அங்க அவன் ஆபீஸ்ல யாராவது இறந்துட்டா வெள்ளைக்காரங்க இந்த வார்த்தையத்தான் சொல்லுவாங்க. தங்கச்சி வேற தேம்பித் தேம்பி அழறா. இசக்கிக்குத் தரை நழுவிருச்சு. அப்புறம் மெதுவா... "கோமு... அப்பா காதுகிட்ட போனை வைம்மா. ஒரு வார்த்தை பேசிக்கிறேன்."

இவளுக்கு எப்படி இருக்கும்? பொய் சொல்லியே அலுத்தவளுக்கு, அண்ணன் தானா பேசறேங்கிறான்! ஓடிப்போய் அப்பா காதுல வச்சா. அப்பா கண்ணை மூடிப் படுத்திருக்காரு. போன்ல அழுகை.

"அப்பா... இனிமே உங்க காதுல விழாதுன்னு தெரியும்ப்பா... அன்னைக்கு அந்த இலையில உட்கார்ந்து சாப்பிட்டிருக்கணும்ப்பா நான். நீங்க கோவத்துல சொன்னீங்க, நான் வீம்புல வந்துட்டேன். தினமும் உங்க நம்பரை எடுத்து எடுத்துப் பார்ப்பேன்ப்பா... அடிக்கத்தான் தைரியம் வரலை..."

கிழவர் கண்ணுல இருந்து தண்ணி காதுப்பக்கம் வழியுது. தொண்டையக் கனைச்சாரு...

"எலேய் இசக்கி... விழுதுல. நல்லாத்தான் விழுது."

அந்தப் பக்கம் அழுகை டக்குன்னு நின்னுச்சு.

"அ... அப்பா?"

"நான்தாம்ல. நீ எப்பல வார? அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுல நான்."

... சிரிக்கிறீங்க. சிலபேர் கண்ணைத் துடைக்கிறீங்க, எனக்குத் தெரியுது. ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அந்த வார்த்தைய அவன் சரியாப் புரிஞ்சிருந்தா என்ன நடந்திருக்கும்? "அப்படியாம்மா, நல்லது, பார்த்துக்கோ." அவ்வளவுதான்! போனை வச்சிருப்பான். தப்பாப் புரிஞ்சான்... அப்பன் கிடைச்சான். நமக்கெல்லாம் அந்த அதிர்ஷ்டம் வாய்க்குமா? நமக்கு வர்ற போன்ல அர்த்தம் தப்பாவா இருக்கும்? சரியாத்தாங்க இருக்கும்... அன்னைக்குக் காதுகிட்ட போனை வச்சு என்ன பேசினாலும், அந்தப் பக்கத்துல இருந்து பதில் வராது.

உங்க போன்லயும் அப்படி ஒரு நம்பர் இருக்கு. அழிக்கவும் மனசில்ல, அடிக்கவும் மனசில்ல. அவங்களுக்குக் காது இன்னும் நல்லாக் கேட்குது. என் பேச்சு முடியட்டும்னு காத்திருக்காதீங்க, நான் இன்னும் ரொம்ப நேரம் பேசுவேன். எழுந்து வெளிய போய்ப் பேசிட்டு வாங்க. பாதிக் கூட்டம் போனாலும் இன்னைக்கு எனக்கு வருத்தமில்ல...

அதோ, அந்த நீலச் சட்டைக்காரர் எழுந்துட்டாரு. அவருக்கு வழி விடுங்கம்மா. போங்க ஐயா... போய்ப் பேசுங்க.