புளிப்பை எடுத்த தட்டு

நெல்லிக்காயைக் கழுவினால் ஊறல் கெட்டுவிடும் ஐயா. துணியால் துடைத்துத்தான் ஜாடியில் போட வேண்டும். வெல்லம், தண்ணீர், நாற்பது நாள். மம்சாபுரத்தில் யாருக்கு வயிறு கடுத்தாலும் என்னிடம்தான் வருவார்கள்.

ராஜபாளையத்துக் காலேஜில் ஊறல்களைச் சோதிக்கிற நாகஜோதி வந்து கேட்டாள். ஒரு பாட்டில் கொடுத்தேன். கிருமி வளர்த்த தட்டில் குழி போட்டு அதில் ஊற்றுவாளாம். கிருமி செத்த இடம் வட்டமாகத் தெளியுமாம். டைபாய்டு கிருமிதானா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன்.

என் வீட்டுக்காரி சண்முகத்தாய் அந்தக் காய்ச்சலில்தான் போனாள். பதினெட்டு நாள் ஊறல் கொடுத்தேன். மகன் ஆட்டோவோடு வந்தான்; கதவைப் பூட்டிச் சாவியை மடியில் வைத்துக்கொண்டேன். கடைசியில் அவள் வாயைத் திறக்க மாட்டேன் என்றாள். அகப்பைக் காம்பை விட்டுத் திறந்தேன். இரண்டு பல் போனது. ஊறல் உள்ளே இறங்கியது, அதுதானே வேண்டும். "நீதான் கொன்ன" என்று சொல்லிவிட்டுப் போன மகன் பிறகு வாசலை மிதிக்கவில்லை. அவனுக்கு அந்த வட்டத்தைக் காட்ட வேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை.

போன செவ்வாய்க்கிழமை நாகஜோதி வீட்டுக்கு வந்து போனில் படம் காட்டினாள். நாலணா அகலத்துக்கு வட்டம். மகன் நம்பரைக் கொடுத்து, "இத அவனுக்கு அனுப்பு தாயி" என்றேன்.

"செத்த பொறுங்க தாத்தா. இன்னொரு தட்டும் இருக்கு."

அதில் வட்டமே இல்லை.

"புளிப்ப எடுத்துட்டு ஊத்திப் பாத்தோம். ஒண்ணும் சாகல. எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சாலும் முதத் தட்டுல வந்த அம்புட்டு வட்டம் வரும்."

"புளிப்ப எடுத்தா ஊறல்ல பொறவு என்னட்டி இருக்கும்?"

"அதத்தான் சோதிக்கோம். ரத்தத்துல ஏறின காய்ச்சலுக்கு இது ஆகாது தாத்தா. ஆஸ்பத்திரிக்குப் போனா எட்டு நாள்ல எந்திரிச்சிருவாக."

எட்டு நாள் என்றாள். சிரித்த முகமாகத்தான் சொன்னாள்.

"முதப் படத்த மட்டும் அனுப்பு."

"பாதிய அனுப்பினா பொய்யாயிரும். ரெண்டையும் அனுப்புதேன்."

ஜாடி மூடிமேல் பாரத்துக்கு வைக்கிற கல் கைக்கு எட்டியது. முதல் அடி காதுக்கு மேலே விழுந்தது. அவள் போனை விடவில்லை. அதனால் விரல்மேல் அடித்தேன். பிறகு மறுபடியும் தலையில். எத்தனை என்று நான் எண்ணவில்லை. நீங்கள் சொல்கிற ஒன்பது சரியாகத்தான் இருக்கும்.

அப்படியே விட்டுவிடவில்லை ஐயா. ஜாடியைத் திறந்து காயம் முழுக்க ஊறலை ஊற்றினேன். எரிந்திருக்கும், முனகினாள். பக்கத்து வீட்டுச் செல்லக்கனி ஆட்டோ கூப்பிட்டுக் கதவைத் தட்டினாள். சாவி என் மடியில் இருந்தது. சாயந்திரம் வரை மூச்சு ஓடியது. அதுவரை ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

காயத்தில் சீழ் இல்லை என்று பிரேதப் பரிசோதனையில் எழுதியிருப்பதை இந்த ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் வைத்து நீங்கள்தான் வாசித்துக் காட்டினீர்கள். அந்த ஒரு வரியை மட்டும் என் மகனுக்கு அனுப்பி வையுங்கள் ஐயா.