முஸ்பிறாவின் ஏழு குப்பிகள்

என் கை மெதுவானது. ஊசி ஏறியதே தெரியவில்லை என்று கல்முனைக்குடியில் பலர் சொல்லியிருக்கிறார்கள். நான்கு வருடங்களில் நூற்றுப்பத்து வீடுகளில் இரத்தம் எடுத்திருக்கிறேன். ஒரு வீட்டிலும் இரண்டாம் முறை கதவைச் சாத்தியதில்லை. விசாரணைக் குழுவினர் இதையும் குறித்துக்கொண்டால் நல்லது.

என் ஆய்வு டெங்குவைப் பற்றியது. ஒரு தடவை டெங்கு வந்தவரின் உடல் அந்த வைரசை நினைவில் வைத்திருக்கும். பிறகு வேறு வகை டெங்கு தொற்றினால், அந்த நினைவே சிலருக்குத் துரோகம் செய்யும். முன்பு காப்பாற்றிய எதிர்ப்புச் சக்தி, வைரசைக் கையோடு உள்ளே கூட்டிப்போய்விடும். காய்ச்சல் விட்டபின் இரத்தக் குழாய்கள் நீரைக் கசியவிடத் தொடங்கும். அந்த நேரத்து இரத்தம்தான் எனக்கு வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் சேலைன் ஏற்றிவிடுகிறார்கள். அதன்பின் கிடைப்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

முஸ்பிறா பாலர் பாடசாலை ஆசிரியை. மூன்று வருடங்களுக்கு முன் அவருக்கு முதல் டெங்கு வந்தபோது எடுத்த இரத்தம் என் குளிர்ப்பெட்டியில் இருந்தது. போன மாரிமழைக்குப் பிறகு, காய்ச்சல் என்று கணவர் இன்ஸாப் அவரைக் கூட்டிவந்தார். அப்படி ஒருவருக்காக நான் காத்திருந்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை.

நான்காம் நாள் காலை காய்ச்சல் விட்டது. இன்ஸாப் சந்தோஷப்பட்டார். பிளேட்லட் நாற்பத்தெட்டாயிரத்துக்கு இறங்கியிருந்தது, இரத்தம் தடித்திருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய நிலை. வீட்டாரிடம் கொடுக்கும் அட்டையில் நான் ஒரு இலட்சத்து அறுபதாயிரம் என்று எழுதினேன்.

ஆய்வுகூட உதவியாளர் றிஸ்லா அதைப் பார்த்துவிட்டார்.

"டொக்டர், மெசின்ல நாப்பத்தெட்டுத்தானே காட்டிச்சி?"

"அது பிழையான ரீடிங். நான் திரும்பப் பாத்திட்டன்."

அவர் நம்பினார். அவர் மேல் குற்றம் சுமத்த வேண்டாம்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவமா டொக்டர்?" என்று இன்ஸாப் கேட்டார்.

"தேவல்ல. அங்க கட்டிலும் இல்ல, ஆக்கள் நிலத்துல படுத்திரிக்காங்க. நானே வீட்டுக்கு வாறன்."

அன்று காலையிலிருந்து நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை போனேன். குடிக்கும் தண்ணீர் கணக்கைக் குழப்பும் என்பதால், தாகம் எடுத்தால் வாயை மட்டும் நனைத்துக்கொள்ளச் சொன்னேன். முஸ்பிறா அப்படியே செய்தார். ஐந்தாவது குப்பிக்கு நரம்பு கிடைக்கவில்லை. கை குளிர்ந்திருந்தது.

"ஒங்களுக்குத்தான் டொக்டர் கரைச்சல்," என்றார்.

மறுநாள் காலை ஏழாவது குப்பியை எடுத்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்குத் திரும்பினேன். நான் போன சற்று நேரத்தில் வயிறு வலிக்கிறது என்று முஸ்பிறா சுருண்டிருக்கிறார். இன்ஸாப் என்னிடம் கேட்காமலேயே த்ரீவீலரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே நண்பகல் லுஹர் பாங்கு சொல்லும் நேரத்தில் உயிர் போயிற்று. முதல் நாளே சேலைன் ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பார். அதை நான் மறுக்கவில்லை.

ஜனாஸாவுக்குப் போனேன். போகாமல் இருப்பது முறையல்ல. அடக்கம் முடிந்ததும் மையவாடி வாசலில் இன்ஸாப் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"இரவு பகலா வந்தீங்களே டொக்டர். ஒங்களுக்கு அல்லாஹ் கூலி தருவான்."

நான் ஆமீன் சொன்னேன்.

அந்த ஏழு குப்பிகளைப் போல ஒரு வரிசை வேறு எங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கட்டுரை வெளிவந்துவிட்டது. அதில் அவர் பெயர் இல்லை. எழுபத்தோராம் நோயாளி என்று இருக்கிறது. கட்டுரையில் இருந்த பிளேட்லட் எண்ணையும் வீட்டு அட்டையில் இருந்த எண்ணையும் ஒப்பிட்டு றிஸ்லா முறைப்பாடு கொடுத்தார். அவர் கவனமாக வேலை செய்பவர். நான்தான் பழக்கினேன்.

எனக்கு இரக்கமே இல்லையா என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். இருக்கிறது. போன மாதம், முறைப்பாடு வெளியே தெரியவரும் முன், இன்ஸாப் தன் ஆறு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம்தான் ஓடிவந்தார்.

"இவளயாவது காப்பாத்தித் தாங்க டொக்டர்."

சோதித்தேன். டெங்கு. ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை. சரியான எண்ணை எழுதி, கடிதம் கொடுத்து, நானே த்ரீவீலரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிள்ளை சுகமாகி வீடு திரும்பிவிட்டாள். விசாரித்துப் பாருங்கள். இரக்கமில்லாதவன் அப்படிச் செய்வானா?

அவளுக்கு அது முதல் டெங்கு. முதல் தொற்றின் இரத்தம் என்னிடம் வேண்டிய அளவு இருக்கிறது.